சாவிக்கூடு தேஞ்சா சாவியே போச்சா?

கேள்வி: கார் ரிமோட் சாவில பட்டன் ரப்பர் கிழிஞ்சு ஓட்டையாயிருச்சு, ஆனா லாக் விழுது. சர்வீஸ்ல முழு சாவியும் மாத்தணும்ங்கறாங்க. ஆன்லைன்ல வெறும் கூடு 350 ரூபாய்க்கு கிடக்கு, வாங்கலாமா? (அஸ்தம்பட்டி)

பதில்: தாராளமா வாங்குங்க. லாக் விழுதுன்னா உள்ள இருக்கற சர்க்யூட் போர்டு நல்லா இருக்கு, தேஞ்சது பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான். ஆனா ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பழைய சாவியைப் பிரிச்சு உள்பக்கம் போட்டோவோட ஒப்பிட்டுப் பாருங்க, பட்டன் எண்ணிக்கை, பேட்டரி உட்கார்ற இடம், பிளேடு (பூட்டுக்குள்ள போற உலோகத் தகடு) மாட்டற பக்கம் எல்லாம் ஒத்துப்போகணும். "எல்லா மாடலுக்கும் பொருந்தும்"னு போட்டிருந்ததை நம்பி நானும் ஒண்ணு வாங்கினேன், மூடவே மூடாது, இப்ப மேஜை டிராயர்ல தூங்குது. புதுக்கூட்டோட வர்ற பிளேடு வெட்டாத வெறும் தகடு. பழைய பிளேடையே பின்னைத் தட்டிக் கழட்டி மாத்திக்கலாம், அது ரொம்பத் தேஞ்சிருந்தா வீட்டுல சும்மா கிடக்கற ஸ்பேர் சாவியைக் குடுத்து வெட்டச் சொல்லுங்க, தேஞ்சதைப் பார்த்து வெட்டினா புதுசும் தேஞ்ச மாதிரியேதான் வரும்.

கேள்வி: 3 பட்டன் கூடு வந்திருக்கு, என் சாவி 2 பட்டன். திருப்பி எடுக்க மாட்டேங்கறான். (அம்மாப்பேட்டை)

பதில்: போட்டோல 3 பட்டன்தானே இருந்துச்சு? அப்ப அவன் மேல என்ன தப்புங்க. படத்துல ஒண்ணு காட்டி வேற ஒண்ணு அனுப்பினா திருப்பி எடுத்தே ஆகணும்.

கேள்வி: டவுன்ல ஒரு கடைல கூடு மாத்தினேன். ஏற்காடு ஏறி வந்து நிறுத்தினதோட சரி, மறுநாள் கதவு திறக்குது, வண்டி ஸ்டார்ட் ஆகல. கடைக்காரர் பேட்டரி வீக்குங்கறார், பில்லும் தரல. (ஏற்காடு)

பதில்: பேட்டரி கதை சுத்தப் பொய்ங்க. கதவைத் திறக்கறதுக்குத்தான் பேட்டரி. ஸ்டார்ட் ஆகறதுக்கு, இது இந்த வண்டியோட சாவிதான்னு காட்டற இம்மொபிலைசர் சிப்னு ஒண்ணு இருக்கு, பல சாவில சின்னதா, போர்டுல ஒட்டாம கூட்டுக்குள்ள தனியா ஒரு குழில கிடக்கும். அதுக்கு பேட்டரியே வேண்டாம், சாவி போடற இடத்துல இருக்கற காயில்ல இருந்தே கரண்ட் எடுத்துக்கும். மாத்தும்போது அது அரைகுறையா உட்கார்ந்து, வழியில கழண்டு உள்ள எங்கயாவது உருண்டிருக்கணும். முதல்ல புதுக்கூட்டைப் பிரிச்சுப் பாருங்க, கிடைச்சா குழில உட்கார வச்சு மூடினாப் போதும். அதுவரைக்கும் ஸ்பேர் சாவில ஓட்டுங்க.

இந்த பில் விஷயத்துல எனக்கு வர்ற கோபம் இருக்கே. 50 ரூபாய் வேலைன்னாலும் பில் கேளுங்கன்னு எத்தனை தடவை எழுதறது, "தெரிஞ்ச கடைதானே"ன்னு விட்டுடறாங்க, பிரச்சினைன்னு போனா அந்தத் தெரிஞ்ச கடைக்காரருக்கு உங்களைத் தெரியவே தெரியாது! உங்களைத் திட்டலைங்க, ஏமாத்தினவர் அவர்தான். ஜிபே பண்ணியிருந்தா அந்த ஸ்கிரீன்ஷாட்டும் ஆதாரம்தான், பத்திரமா வைங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிவு பண்ணுங்க. அதுல முடியலைன்னா சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம், வக்கீல் கட்டாயமில்ல, 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்ல, 2 வருஷத்துக்குள்ள போடணும்.

கேள்வி: சாவிக்கு 2032 காயின் பேட்டரி கிடைக்கல, 2016 போட்டேன். ரெண்டும் 3 வோல்ட்தானே, ஏன் விட்டு விட்டு வேலை செய்யுது? (சூரமங்கலம்)

பதில்: 2016 பாதி தடிமன்தான். உள்ள ஆடுது. 2032-ஏ வாங்கிப் போடுங்க.

கேள்வி: கிழிஞ்ச பட்டனை சூப்பர் குளூ வச்சு ஒட்டினேன், இப்ப அமுங்கல. (சேவாப்பேட்டை)

பதில்: அமுங்காது.