உண்ணிச்செடி யானையும் ரொட்டி திருடுற குரங்கும்

கேள்வி: தம்பி, லண்டன் பார்க்குல வரிசையா யானை பொம்மைங்க நிக்கிற போட்டோவ என் பேத்தி காட்டுனா, எல்லாம் லான்டனாவுல செஞ்சதாம். நம்ம வீட்டுக்குப் பின்னாடி மண்டிக்கெடக்குதே அதேவா? அத வெச்சு நாமளும் குரங்கு செய்யலாமா? தெனமும் ஜன்னல் வழியா வந்து ரொட்டிய தூக்கிட்டுப் போகுதுங்க!
(வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்)

பதில்: அதேதான் அக்கா, ஊர்ல உண்ணிச்செடின்னு சொல்வாங்க. வெள்ளைக்காரன் அழகுக்குன்னு தென்னமெரிக்காவுலேர்ந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, இப்ப முதுமலை பக்கமெல்லாம் காட்டையே மூடிடுச்சு, புல்லு வளர விடாது, அப்புறம் மானும் யானையும் எதத் திங்கும்? கூடலூர்ல சுப்ரா நாயர்னு ஒரு டிசைனரும் அங்க இருக்குற பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் பழங்குடி ஜனங்களும் சேந்து அத வெட்டி, தண்ட வேகவெச்சு, பட்டைய உரிச்சு, இரும்புக் கம்பிக் கூட்டு மேல வளைச்சு வளைச்சு யானையா ஆக்குனாங்க, நெசமான யானை சைஸ்லயே. 2021-ல லண்டன்ல நூத்துக்கும் மேல நின்னுச்சு, 2024-ல அமெரிக்கா போச்சு.

எனக்குப் புடிச்சது என்னன்னா, ஒவ்வொண்ணும் அந்த ஊர்ப்பக்கம் சுத்துற ஒரு நெச யானையப் பாத்துச் செஞ்சது. தேயிலைத் தோட்டத்துலயும் ரோட்டுலயும் அதோட தெனம் எதிர்ப்பட்டுப் பொழைக்கிறவங்க கை பட்டதால, தும்பிக்கைய எப்படி வெச்சிருக்கும், எப்படி நிக்கும்னு ஒண்ணும் தப்பல. போட்டோ பாத்து எவனோ செஞ்சிருந்தா எல்லாம் ஒரே அச்சுல பிள்ளையார் மாதிரி நின்னுருக்கும் (கோவிச்சுக்காதீங்க).

இங்க தென்னாப்பிரிக்காவுலயும் அது சட்டப்படி கட்டுப்படுத்த வேண்டிய களைதான். பழத்தத் தின்னுட்டு வெதைய ஊரெல்லாம் போடுறது பறவைங்க, அதுல நம்ம மைனாவும் சேத்தி, அதுவும் நம்ம தாத்தா பாட்டி மாதிரி இந்தியாவுலேர்ந்து டர்பனுக்கு வந்ததுதானே, யாரப் போய்த் திட்டுறது! வெட்டுறதா இருந்தா வேரோட புடுங்குங்க, இல்லன்னா திரும்பத் துளிர்க்கும். எலைய ஆடு மாடு கிட்ட போடாதீங்க, வெஷம்.

குரங்கு தாராளமா செய்யலாம். ஆனா உங்க ரொட்டிய எடுக்குறது எது, காது கிழிஞ்சதா, குட்டிய வயித்துல கட்டிக்கிட்டு வர்றதா? ஒரு வாரம் ஜன்னல சாத்திக்கிட்டு உள்ளேர்ந்து பாத்து வெச்சுக்கோங்க, அப்புறமா கம்பிய வளைங்க.