மாறிப்போன பழைய காதலியை மனசு ஏன் இன்னும் தேடுகிறது?

கல்லூரிக் காலத்துக் காதலியை வருஷங்கள் கழித்து நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், பேச்சும் சிரிப்பும் அடியோடு மாறியிருந்தது, ஆனாலும் ஏக்கம் போகவில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஏக்கத்தில் பாதி, அன்றைய உங்களுக்கானது. சுமார் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகம் நினைவுக்கு வருகின்றன என்று உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. கசப்பான உணர்வு இனிப்பானதைவிடச் சீக்கிரம் மங்கும் என்பதும் ஆய்வில் கண்டதுதான். நீங்கள் எழுதியிருந்தீர்களே, மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்தபோது, கீழே பறளியாற்றைப் பார்த்துப் பயந்து அவர் உங்கள் சட்டைக் கையைப் பிடித்தாரே, அது அப்படியே நிற்கிறது. திரும்பும்போது பஸ்ஸில் போட்ட சண்டை? காரணமே மறந்திருக்கும்.

இன்னொன்று, நினைவு போட்டோ மாதிரி அப்படியே இருப்பதில்லை. எடுத்துப் பார்க்கும்போது கொஞ்சம் மாறித் திரும்பப் பதியலாம். இத்தனை வருஷம் நீங்கள் மெருகேற்றிய ஆளோடு நிஜ மனுஷி எப்படிப் போட்டி போடுவார்? (அவருக்கும் நீங்கள் மாறிப்போனவராகத்தான் தெரிந்திருப்பீர்கள், அது வேறு விஷயம்.)

சரி, என்ன செய்யலாம்? பழைய படங்களைத் தோண்டுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். மறுபடி பார்த்தால் பழங்கதை எடுக்காமல், இப்போது என்ன வேலை, எங்கே இருக்கிறார் என்று சாதாரணமாகக் கேளுங்கள். இன்றைய ஆளைத் தெரியாத இடத்தைத்தான் மனசு பழையவரை வைத்து நிரப்புகிறது.