பள்ளி கட்டுமுன் பிரசவக் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சின்ன டவுன் எங்களுடையது. அப்பா விட்டுப்போன மனையில் நர்சரி, பிரைமரி பள்ளி கட்டலாம் என்று இருக்கிறேன். 15 வருடக் கடன். "ஜனத்தொகை கூடிக்கொண்டே போகிறது, பிள்ளைகளுக்கா பஞ்சம்?" என்கிறார் மாமா. நம்பி இறங்கலாமா?

பதில்: மாமா சொல்வது பாதி சரி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி, இப்போது அதற்கும் மேல். ஆனால் உங்கள் பள்ளிக்கு வரப்போகிறவர்கள் மூன்று வயதுப் பிள்ளைகள் மட்டும்தானே, அந்தக் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது.

ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளைகள் பிறந்தால்தான் அடுத்த தலைமுறை இதே அளவில் இருக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் பீகார் 3.0, நாம் 1.8. அந்த 2.1-க்கு நாம் இறங்கியே இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்புறமும் மொத்தத் தொகை கூடியதற்குக் காரணம், அதற்கு முன் பிறந்த பெரிய கூட்டம் பிள்ளை பெறும் வயதில் இருந்ததும், பெரியவர்களின் ஆயுள் நீண்டதும்தான். உங்கள் கடன் இடிப்பது இங்கேதான். பத்தாவது வருடத் தவணை கட்டும்போது எல்கேஜி சேரப்போகும் பிள்ளை இன்னும் பிறக்கவில்லை, ஆனால் அதன் அம்மா இப்போது கல்லூரியில் இருப்பாள். அவள் பெறப்போவது ஒன்றோ இரண்டோ, அதையும் சென்னையிலோ கோவையிலோ குடித்தனம் போட்டுப் பெறலாம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நாலு பிள்ளைக்குப் பங்கு வைத்த சம்பளம் இரண்டு பிள்ளைக்கு என்று ஆனதும் கான்வென்ட் ஃபீஸ் கட்டக் கைவந்தது, அம்மாக்கள் வேலைக்குப் போக முடிந்தது, பேங்கிலும் கொஞ்சம் சேர்ந்தது. பொருளாதாரக்காரர்கள் இதை 'மக்கள்தொகை ஈவு' என்பார்கள். தென்கொரியா இந்த ஈவைப் பிரமாதமாகப் பயன்படுத்தி முன்னேறிய நாடு, ஆனால் 2023-இல் அங்கே ஒரு பெண்ணுக்கு 0.72 பிள்ளைதான், கிராமத்துப் பள்ளிகள் பல மூடிக்கிடக்கின்றன.

சரி, என்ன செய்யலாம்? வேன் போய்வரும் தூரத்திலுள்ள கிராமங்களின் அங்கன்வாடிகளில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை என்று விசாரியுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கடந்த ஐந்து வருடப் பிரசவக் கணக்கு ஏறியதா இறங்கியதா என்று கேளுங்கள். பக்கத்துப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு எண்ணிக்கையை ஐந்தாம் வகுப்போடு ஒப்பிடுங்கள், பத்தாம் வகுப்போடு வேண்டாம், ஆறாவதில் வெளியிலிருந்து சேர்வார்கள், கணக்கு குழம்பும்.

மூன்றுமே இறக்கம் காட்டினால் நானாக இருந்தால் மாடி எழுப்ப மாட்டேன். முதல் மூன்று வருடத்துக்கு வேண்டிய வகுப்பறைகளைத் தரைத்தளத்தில் மட்டும், பின்னால் சுவரை எடுத்து வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ளும்படி கட்டுவேன். 2011-இல் தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர், 2036-இல் ஐந்தில் ஒருவர் என்கிறது மத்திய அரசின் கணிப்பு. பிசியோதெரபி, முதியோருக்கான பகல்நேரப் பராமரிப்பு இதெல்லாம் உங்கள் டவுனில் இருக்கிறதா? மூட்டுவலிக்கு எவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போகிறார் என்று மாமாவையே கேட்டுப் பாருங்கள்.