லிம்ஃபோமா டிரையலில் சேரலாமா? கேள்வி பதில்

கோலாலம்பூரில் இரத்த நோய்ப் பிரிவில் ஆய்வுத் தாதியாக வேலை பார்க்கிறேன். பி-செல் லிம்ஃபோமாவுக்கு (பி செல் என்ற வெள்ளை இரத்த அணுவில் வரும் புற்றுநோய்) வரும் புது மருந்துகள், அவற்றைச் சோதிக்கும் டிரையல்கள் பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. மருந்தை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டியவை.

செந்தூலிலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்கு 64 வயது. பெரிய பி-செல் லிம்ஃபோமா. ஆறு கீமோ முடிந்து ஸ்கேன் சுத்தமாக இருந்தது. எட்டு மாதத்தில் கழுத்தில் மறுபடி கட்டி. டாக்டர் ஒரு டிரையல் இருக்கிறது என்கிறார். பெரியப்பாவோ, "என் தம்பியைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்று சத்தம் போடுகிறார். என்ன செய்வது மிஸ்ஸி?

தம்பி, பெரியப்பாவையும் அடுத்த முறை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவர் கேட்க வேண்டியது இதுதான்: "டிரையலில் சேராவிட்டால் என் தம்பிக்கு என்ன சிகிச்சை கொடுப்பீர்கள்? அது எவ்வளவு பேருக்குப் பலிக்கிறது?" இந்தப் பதில் தெரியாமல் சேர்வதும் தப்பு, மறுப்பதும் தப்பு.

அப்பாவுக்கு 21 நாளுக்கு ஒரு முறை ஏற்றியது பெரும்பாலும் ஆர்-சாப் என்ற மருந்துக் கூட்டாக இருக்கும். அதுவும் ஒரு டிரையலில் தேறி வந்ததுதான். முன்பு சாப் என்கிற நான்கு மருந்துக் கூட்டுதான் இருந்தது. பிரெஞ்சு டாக்டர்கள் 60 முதல் 80 வயதுக்குட்பட்ட 399 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 2002-இல் முடிவு வெளிவந்தது. வெறும் சாப் எடுத்தவர்களில் 63 சதவீதம் பேருக்கு நோய் முழுதாக மறைந்தது. ரிட்டுக்ஸிமாப் சேர்ந்தவர்களில் 76 சதவீதம். அதற்கப்புறம் உலகம் முழுக்க ஆர்-சாப்தான் முதல் சிகிச்சை ஆனது.

ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பினால் வழக்கமான வழி, இன்னும் கடுமையான கீமோ கொடுத்து, கட்டி சுருங்கினால் இரத்தம் உண்டாக்கும் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே திருப்பி ஏற்றுவது. "சுருங்கினால்" என்பதில்தான் சிக்கல். ஸூமா-7 என்ற டிரையலில் அப்பாவைப் போன்ற 359 பேர் இருந்தார்கள். வழக்கமான வழிக்குப் போன பிரிவில் மூன்றில் ஒருவரைவிடச் சற்றுக் கூடுதலானவர்கள்தான் ஸ்டெம் செல் ஏற்றும் கட்டத்தையே எட்டினார்கள். கார்-டி செல் (நோயாளியின் சொந்த எதிர்ப்பு அணுக்களை மாற்றியமைத்துத் திருப்பி ஏற்றுவது, கீழே விளக்கியிருக்கிறேன்) வாங்கிய பிரிவு தெளிவாக நன்றாக இருந்தது. நான்கு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் சுமார் 55 சதவீதம், மற்றப் பிரிவில் 46. ஆனால் கிட்டத்தட்ட இதே கேள்வியை வேறொரு கார்-டி மருந்தை வைத்துச் சோதித்த பெலிண்டா டிரையலில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆகவே "கார்-டி டிரையல்" என்று கேட்டதும் துள்ளவும் வேண்டாம், பயந்து ஓடவும் வேண்டாம். எந்த மருந்து, எந்தக் கட்டம், எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த் அக்கா ஒருவர்: பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீரை ஏற்றி ஏமாற்றுவார்களாமே?

இந்தப் பயம் எல்லோருக்கும் இருக்கிறது. குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்க்கு எந்த மருந்தும் கொடுக்காமல் வெற்று மருந்து மட்டும் ஏற்றும் டிரையலை, நோயாளிகளின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழு அனுமதிக்காது. போலாரிக்ஸ் டிரையலைப் பாருங்கள், அக்கா. 879 பேர். எல்லோருக்கும் ஆர்-சாப்பின் நான்கு மருந்துகள் உண்டு. ஐந்தாவதான வின்கிரிஸ்டின் ஒரு பிரிவுக்கு; அதற்குப் பதில் போலாட்டுசுமாப் என்ற புது மருந்து இன்னொரு பிரிவுக்கு. யார் எதில் இருக்கிறார் என்று டாக்டருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக, வின்கிரிஸ்டின் பெறுகிறவருக்குப் போலாட்டுசுமாப் போலவே ஒரு வெற்றுப் பை; மற்றவருக்கு வின்கிரிஸ்டின் போலவே ஒரு வெற்று ஊசி. சிகிச்சை இல்லாமல் யாரும் இல்லை.

முடிவு என்ன? இரண்டு வருடத்தில் நோய் தலைகாட்டாமல் இருந்தவர்கள் புதுப் பிரிவில் 76.7 சதவீதம், பழையதில் 70.2. உயிரோடு இருந்தவர்கள் கணக்கில் இரண்டும் அப்போது ஏறக்குறைய சமம். நல்ல முன்னேற்றம்தான், பத்திரிகைத் தலைப்பு அளவுக்கு இல்லை.

பூச்சோங்: முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்றால்?

முதல் கட்டம்: எவ்வளவு அளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று சிலரிடம் மட்டும் பார்ப்பது. இரண்டாவது: கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது: இப்போதுள்ள சிகிச்சையைவிட மேலா என்று நூற்றுக்கணக்கானவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது. யார் எந்தப் பிரிவு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். "தெரிந்த டாக்டர் இருக்கிறார், புது மருந்துப் பக்கம் போடச் சொல்லுங்கள்" என்ற சிபாரிசு இங்கே எடுபடாது.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. இன்னொன்று: புற்றுநோய் என்று நாங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை, "கட்டி" என்றுதான் சொல்லியிருக்கிறோம். சொல்லாமலேயே சேர்க்க முடியுமா?

முடியாது அம்மா.

கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நம் வீடுகளில் இது எவ்வளவு சகஜம் என்று எனக்குத் தெரியும். அறைக்கு வெளியே மகன் என் கையைப் பிடித்து, "கேன்சர் என்ற வார்த்தை மட்டும் வேண்டாம் மிஸ்ஸி" என்பார். உள்ளே போனால் நோயாளியே, "பிள்ளைகளுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார்கள், சொல்லாதீர்கள்" என்பார். சாதாரண சிகிச்சையில் இந்த நாடகம் எப்படியோ ஓடிவிடும். டிரையலில் ஓடாது. என்ன நோய், என்ன மருந்து, என்ன ஆபத்து, சேராவிட்டால் வேறு என்ன வழி என்று அம்மாவே தெரிந்து, அம்மாவே கையெழுத்துப் போட வேண்டும். புத்தி தெளிவாக இருக்கும் ஒருவருக்காகப் பிள்ளை கையெழுத்துப் போட முடியாது.

சொல்லும் வேலையைத் தனியாகச் சுமக்காதீர்கள். டாக்டரையே சொல்லச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். பெரும்பாலான அம்மாக்கள் முன்பே யூகித்திருப்பார்கள்.

படிவ விஷயத்துக்கு வருவோம். தமிழ்ப் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். சில டிரையல்களில் இருக்கும். இல்லையென்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முழுப் பேச்சிலும் கூடவே இருந்து, அம்மாவுக்குச் சரியாக விளக்கப்பட்டது என்று கையெழுத்திட வேண்டும். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோக உரிமை உண்டு. அன்றைக்கே கையெழுத்து வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் அது நல்ல அறிகுறி இல்லை. கடைசிப் பக்கங்களில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும். அது அலங்காரத்துக்கு இல்லை, கூப்பிடலாம்.

கிள்ளான்: செலவு யாருடையது?

சோதனை மருந்தும், டிரையலுக்காகவே எடுக்கும் கூடுதல் ஸ்கேன், இரத்தப் பரிசோதனைகளும் ஆய்வை நடத்தும் நிறுவனத்தின் செலவு. போக்குவரத்துக்கும் ஏதாவது தருவார்கள். மருந்தால் பாதிப்பு வந்தால் அதற்குக் காப்பீடு இருக்க வேண்டும். படிவத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். எப்படியும் எடுத்திருக்க வேண்டிய வழக்கமான சிகிச்சைக்கு மட்டும் உங்களிடம் கட்டணம் கேட்கலாம். "எதற்கெல்லாம் நான் பணம் கட்டணும்?" என்று நேராகக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். அமெரிக்காவில் ஆக்ஸி-செல் என்ற கார்-டி மருந்து 2017-இல் வந்தபோது அதன் விலை 373,000 டாலர், அதாவது மருந்துக்கு மட்டும். ஒரு குடும்பம் வீட்டை விற்றாலும் காணாது.

சோதனை மருந்துக்கே உங்களிடம் ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் "ஸ்டெம் செல் டிரையல், முன்பணம் கட்டினால் இடம் உறுதி" ரகத்தைத்தான் சொல்கிறேன்.

பிறை: கார்-டி என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். உடம்பில் என்னதான் செய்வார்கள்?

டி செல்கள் நம் எதிர்ப்புச் சக்தியின் சிப்பாய்கள். இரத்தத்தை ஒரு மெஷின் வழியாக ஓட்டி அவற்றைப் பிரித்தெடுத்து, உறைய வைத்தோ குளிரூட்டியோ தொழிற்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு புது மரபணுவைச் செருகி, பி செல்லின் மேல் இருக்கும் சிடி19 என்ற புரதத்தை அடையாளம் காண வைத்து, பெருக்கித் திருப்பி அனுப்புவார்கள். இதற்குச் சில வாரம் ஆகும். அதுவரை நோய் சும்மா இருக்காது என்பதால் நடுவில் வேறு மருந்து தேவைப்படலாம். ஏற்றுவதற்கு முன் சில நாள் கீமோ. ஏற்றுவது ஒரு சின்னப் பை. அரை மணிக்குள் முடிந்துவிடும்.

அப்புறம்தான் எங்களுக்கு வேலை. காய்ச்சல் 39-ஐத் தாண்டும், இரத்த அழுத்தம் சரியும், மூச்சு வாங்கும். செல்கள் வேலை செய்யும்போது வெளிவரும் சைட்டோகைன்கள் என்ற புரதங்களால் வருவது இது. அதற்கு டோசிலிசுமாப் என்ற ஊசி தயாராக இருக்க வேண்டும். மூளையையும் தொடலாம். அதனால் தினமும் ஒரு சின்னப் பரீட்சை: இது எந்த வருடம், எந்த ஊர், எந்த மருத்துவமனை, பேனாவையும் கடிகாரத்தையும் காட்டினால் பெயர் சொல்ல வேண்டும், நூறிலிருந்து பத்துப் பத்தாகப் பின்னோக்கி எண்ண வேண்டும், கடைசியாக ஒரே வாக்கியத்தைத் தினமும் அதே தாளில் எழுத வேண்டும். "இன்று காலை இட்லி சாப்பிட்டேன்" என்பது போல எதுவானாலும் சரி. நேற்று நேர்கோட்டில் இருந்த எழுத்து இன்று சரிந்து, ஒற்றுப் புள்ளி விட்டுப்போய், பாதியில் நின்றால், நோயாளி "நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும் டாக்டரைக் கூப்பிடுவோம். பெரும்பாலும் ஸ்டெராய்டு கொடுத்தால் சரியாகிவிடும். முதல் வாரங்களில் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்வதும் இதனால்தான். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வருபவர்கள் தங்குமிடத்தையும் கூட இருப்பவரையும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

நீண்ட நாள் விஷயம் ஒன்றும் உண்டு. இந்தச் சிகிச்சைக்குப் பின் அரிதாக டி செல்லிலேயே புற்றுநோய் வந்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 தொடக்கத்தில் இதற்கான எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது.

செல்லை எடுத்து அனுப்பாமலே, மருந்துக் கடை ஊசி மாதிரி எடுத்துப் போடும் இருமுக எதிர்ப்பொருள்களும் வந்துவிட்டன. எப்கோரிட்டமாப், குளோஃபிட்டமாப் இரண்டுக்கும் 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு முனை பி செல்லைப் பிடிக்கும், மறு முனை டி செல்லை இழுத்து வந்து ஒட்டும். இப்போது பல டிரையல்கள் இவற்றைச் சுற்றித்தான்.

ஜார்ஜ்டவுன்: லிம்ஃபோமா டிரையலுக்குப் போனால் கல்லீரல் நோய்க்கு ஏன் இரத்தம் எடுக்கிறார்கள்? தவிர்க்கலாமா?

தவிர்க்கவே கூடாது ஐயா. ஹெப்படைட்டிஸ் பி கிருமி பழைய ஆளாக உடம்பில் ஒளிந்திருக்கும். ரிட்டுக்ஸிமாப் போன்றவை பி செல்களைத் துடைத்துவிட்டால் அது விழித்துக்கொண்டு கல்லீரலையே கெடுத்துவிடும். நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி தொடங்கியது 1989-இல். அதற்கு முன் பிறந்த நம்மில் பலருக்குக் கிருமி வந்துபோனதே தெரியாது. பாசிட்டிவ் என்றால் கதவு மூடிவிடும் என்பதில்லை. என்டெக்காவிர் மாதிரி அந்தக் கிருமியை அடக்கும் மாத்திரையோடு சேர்த்துக்கொள்ளும் டிரையல்கள் உண்டு.

ஈப்போ: வேப்பிலைக் கஷாயமும் சித்த மருந்தும் தொடரலாமா?

வீட்டில் இருக்கும் எல்லாப் புட்டியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், பெயர் இல்லாத பொடி உட்பட. திட்ட மாட்டோம். மறைத்தால்தான் ஆபத்து. கல்லீரல் எண்கள் திடீரென்று ஏறினால் புது மருந்தின் மேல் பழி விழுந்து, உங்களை டிரையலிலிருந்து எடுத்துவிடலாம். ஈப்போக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: ஐப்ரூட்டினிப் வகை லிம்ஃபோமா மாத்திரை எடுக்கும்போது தம்புன் பொமெலோ வேண்டாம். கிரேப்ஃப்ரூட்டின் சொந்தக்காரர் அது. மருந்தை உடைக்கும் என்சைமை அடக்கி, இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும்.

சுங்கை பட்டாணி: புது மருந்து என்றாலே பழையதைவிட நல்லதுதானே?

இல்லை. ஆர்-சாப்பில் ரிட்டுக்ஸிமாப்புக்குப் பதிலாக, ஆய்வகத்தில் அதைவிடக் கூர்மையாகத் தெரிந்த ஒபினுட்டுசுமாப்பைப் போட்டு 1,418 பேரிடம் பார்த்தார்கள். மேலாக இல்லை. ஐப்ரூட்டினிப்பைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பலன் இல்லை, 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பக்க விளைவுதான் கூடியது. 2021-இல் அமெரிக்காவில் துரித அனுமதி பெற்ற உம்ப்ராலிசிப் என்ற லிம்ஃபோமா மாத்திரை, எடுத்தவர்களில் மரணம் கூடுகிறதோ என்ற சந்தேகத்தால் 2022-இல் திரும்பப் பெறப்பட்டது. இப்படித் தோற்ற டிரையல்களில் இருந்தவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் உங்கள் வீட்டு நோயாளிக்கு எது நல்லது என்பது தனிக் கேள்வி, அதை முதலில் கேளுங்கள்.

நடுவில் விலகலாமா?

எப்போது வேண்டுமானாலும். காரணம் சொல்லத் தேவையில்லை. டாக்டர் கோபித்துக்கொண்டு வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. சொல்லாமல் மட்டும் காணாமல் போகாதீர்கள். மருந்தைப் பாதுகாப்பாக நிறுத்த ஒரு முறை வந்து போங்கள்.

செபராங் ஜெயா: டிரையல் நடக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

உங்கள் இரத்த நோய் நிபுணர்தான் முதல் வழி. இந்தத் துறையில் நாட்டின் பெரிய மையம் அம்பாங் மருத்துவமனை; மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், பினாங்கு பொது மருத்துவமனை போன்ற இடங்களுக்கும் உங்கள் டாக்டர் கடிதம் எழுதிக் கேட்கலாம். சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா 2012-இலிருந்து இதே வேலையாக இருக்கிறது. அமெரிக்க அரசின் கிளினிக்கல்டிரையல்ஸ்.கவ் தளத்தில் நோயின் பெயரோடு "மலேசியா" என்று தட்டினாலும் பட்டியல் வரும். ஆள் சேர்ப்பு திறந்திருக்கிறதா, முடிந்துவிட்டதா என்பதையும் அங்கேயே பாருங்கள்.

போகும்போது ஸ்கேன் படங்களின் சிடி, இதுவரை ஏற்றிய கீமோவின் பெயரும் தேதியும், இதய எக்கோ ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். முக்கியமானது பயோப்ஸித் துண்டு. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. மெழுகில் பதித்து வைத்திருக்கும் சதைக் கட்டியையே பல டிரையல்கள் கேட்கும். அது முதலில் பயோப்ஸி செய்த மருத்துவமனையின் ஆய்வகத்தில் இருக்கும். எழுதிக் கேட்டு வாங்க நாளாகும், அதனால் டாக்டர் கடிதம் எழுதும் அன்றைக்கே அதற்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.