விதைநெல்லும் ஜூலை மாதமும்

அன்புள்ள ஐயா,

சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி இளைஞர்களைப் பொறுமையாக வளர்த்து 2016-ல் கோப்பை வென்றதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் என் மகனும் கப்ஸ் ரசிகர்கள். ஒன்றை நீங்கள் விட்டுவிட்டீர்கள். அதே 2016 ஜூலையில்தான் 19 வயது க்ளேபர் டோரஸை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்து, மூன்றே மாதத்துக்காகப் பிட்சர் (பந்து வீசுபவர்) அரோல்டிஸ் சாப்மனை வாங்கினார்கள். டோரஸ் 2018, 2019 இரண்டு வருடமும் ஆல்-ஸ்டார், அதாவது அந்த வருடச் சிறந்த வீரர்கள் அணியில் ஒருவர். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கியது தவறில்லையா? அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் ஒவ்வொரு ஜூலையிலும் எங்கள் வீட்டில் இதே பேச்சு. பன்னிரண்டு வயது மகன், "நம்ம பையனை ஏன்பா கொடுக்கிறாங்க?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சிகாகோவிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டோரஸை விட்டது என் தவறு. கதை அழகாக இருக்க வேண்டும் என்று அதைத் தாண்டிப் போயிருக்கக் கூடாது. ஆனால் அந்த டிரேட் (வீரர் மாற்று) தவறு என்று நான் நினைக்கவில்லை.

கோப்பையை முடிவு செய்த 2016 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்துக்குப் போவோம். இடம் கிளீவ்லாந்து. கப்ஸுக்காக முதல் பந்தை வீசியவர் கைல் ஹெண்ட்ரிக்ஸ். அவர் கப்ஸ் வளர்த்த பையன் இல்லை. 2012 ஜூலை கடைசி நாளில், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் ரையன் டெம்ப்ஸ்டர் என்ற அனுபவசாலி வேண்டும் என்று கேட்டபோது, அவருக்குப் பதிலாகக் கிடைத்தவர். அப்போது ஹெண்ட்ரிக்ஸ், இளைஞர்கள் பழகி மேலே வரும் மைனர் லீகில் கீழ்ப்படியில் இருந்தார். டெம்ப்ஸ்டர் அந்த வருடக் கடைசியில் பாஸ்டனுக்குப் போய்விட்டார். டெக்சாஸில் உங்களைப் போல ஒரு அப்பா நிச்சயம் வருத்தப்பட்டிருப்பார். 2012-ல் 101 ஆட்டங்களில் தோற்ற கப்ஸ், ஜூலை சந்தையில் அனுபவசாலிகளைக் கொடுத்து இளைஞர்களை வாங்கும், அதாவது விற்கும் பக்கம் உட்கார்ந்திருந்தது. 2016-ல் வாங்கும் பக்கம் வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸை எத்தனை தடவை பார்த்திருப்பேனோ, கணக்கே இல்லை. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் 6-6. மழையால் பதினேழு நிமிடம் ஆட்டம் நின்றிருந்தது. மழை விட்டதும் முதல் ஆளாக வந்து கப்ஸின் கைல் ஷ்வார்பர் அடித்தார். ஏப்ரலில் முழங்கால் கிழிந்து, அந்த வருட ஆட்டத்தையே இழந்து, உலகத் தொடருக்குத்தான் திரும்பி வந்தவர்; என்ன ஆனாலும் கொடுக்க மாட்டோம் என்று கப்ஸ் வைத்துக்கொண்ட பையன். அவருக்குப் பதிலாக ஓட வந்த அல்மோரா, புதிய நிர்வாகம் 2012-ல் ட்ராஃப்டில் (புது இளைஞர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வு) எடுத்த முதல் வீரர். பிரையன்ட் உயரத் தூக்கி அடித்த பந்தை ஃபீல்டர் பிடித்த நொடியில் அல்மோரா இரண்டாவது பேஸுக்கு ஓடினார். துணிச்சலான ஓட்டம், அதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு படபடக்கும். அவரை ஹோம் பிளேட்டுக்குக் கொண்டுவந்து ரன் ஆக்கிய அடி பென் ஸோப்ரிஸ்ட்டுடையது. அவர் முந்தைய குளிர்காலத்தில் பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்த 35 வயதுக்காரர். கடைசி அவுட்டை எடுத்த மைக் மான்ட்கோமரி, சாப்மனுக்குச் சில நாள் முன்னால் சியாட்டிலிலிருந்து வந்தவர். அவருக்காகக் கொடுத்தது டான் வோகல்பாக் உள்ளிட்ட இளைஞர்களை. வோகல்பாக் விளையாடும் முதல் பேஸில் ரிஸ்ஸோ நின்றிருந்தார். அந்தப் பையனுக்குக் கப்ஸில் இடமே இல்லை.

வளர்த்தவர், விலைக்கு வந்தவர், மாற்றிக்கொண்டவர் என்று எல்லோரும் அந்த ஒரே இன்னிங்ஸில் இருக்கிறார்கள்.

சாப்மன்? எட்டாவது இன்னிங்ஸில் ராஜை டேவிஸிடம் ஹோம் ரன் கொடுத்து ஆட்டத்தைச் சமனாக்கியவர் அவர்தான். ஆனால் ஐந்தாவது ஆட்டத்தில், தோற்றால் தொடரே முடிந்தது என்ற நிலையில், எட்டு அவுட் எடுத்ததும் அவர்தான். அவர் இல்லாமல் ஏழாவது ஆட்டமே இருந்திருக்குமா என்பது சந்தேகம். அந்த டிரேடில் என்னை உறுத்துவது டோரஸ் இல்லை. குடும்ப வன்முறை விதியின் கீழ் 30 ஆட்டம் தடை பெற்று அந்த வருடத்தைத் தொடங்கியவர் சாப்மன். அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஆட்டக் கணக்கை மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

விதைநெல் என்றீர்கள். நல்ல உவமை, ஆனால் மைனர் லீகில் விதைத்ததில் பெரும்பகுதி முளைப்பதே இல்லை. அப்புறம், எந்தக் குதிர் நிறைந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். டோரஸ் ஷார்ட்ஸ்டாப், இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர். அந்த இடத்துக்குக் கப்ஸிடம் ஏற்கெனவே 22 வயது அடிசன் ரஸலும் 23 வயது ஹாவியர் பாயெஸும் இருந்தார்கள்.

எனக்குக் கோபம் வருவது 2017 ஜூலையை நினைத்தால்தான். ஹோசே கின்டானாவுக்காக எலோய் ஹிமெனெஸையும் டிலன் சீஸையும் அதே ஊர் ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்தார்கள். கின்டானா மோசமான பிட்சர் இல்லை, ஒப்பந்தமும் 2020 வரை இருந்தது. ஆனால் கப்ஸ் சொந்தமாக ஒரு நல்ல பிட்சரை வளர்க்க முடியாமல் திணறிய காலம் அது. காலியாக இருந்த குதிரிலிருந்தே அள்ளிக் கொடுத்தார்கள். சீஸ் 2022-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் வந்தார்.

இந்த விஷயத்தில் எல்லோரும் டெட்ராய்ட் அணியைத்தான் உதாரணம் காட்டுவார்கள். 1987-ல் பிட்சர் டோயில் அலெக்சாண்டருக்காக, மிச்சிகனிலேயே வளர்ந்த 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டாவுக்குக் கொடுத்தார்கள். ஸ்மோல்ட்ஸ், பேஸ்பாலின் பெருமைக்குரியவர்கள் இடம்பெறும் ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார். ஆனால் அலெக்சாண்டர் வந்து ஒன்பது வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. டெட்ராய்ட் தன் பிரிவை வென்றது இரண்டே ஆட்ட வித்தியாசத்தில். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் மகனுக்கு: 2021 ஜூலை 30 அன்று கப்ஸ் மறுபடி விற்கும் பக்கம் இருந்தது. பாயெஸை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்து, தோள்பட்டை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஆடாமல் இருந்த 19 வயதுப் பையனை வாங்கினார்கள். அந்தப் பையன்தான் பின்னால் கப்ஸின் நட்சத்திரமான பீட் க்ரோ-ஆம்ஸ்ட்ராங்.

ஒரு சனிக்கிழமை மகனை இண்டியானாவின் சவுத் பெண்டுக்குக் கூட்டிப் போங்கள். காரில் இரண்டு மணி நேரம். அங்கே கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும், அதை நினைவில் வைத்துக் கிளம்புங்கள். கப்ஸின் மைனர் லீக் அணி ஆடும் ஊர் அது. டோரஸ், ஹிமெனெஸ், சீஸ், க்ரோ-ஆம்ஸ்ட்ராங் நான்கு பேரும் அந்த மைதானத்தில் ஆடியவர்கள்தான். மைதானத்து ஓரத்தில் பழைய யூத ஆலயம் ஒன்று இருக்கிறது, அதில்தான் அணியின் கடை. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். பையன்கள் பயிற்சி செய்வதை அவன் வேலியோரம் நின்றே பார்க்கலாம்.

அன்புடன்.