பொன்னகரத்தில் நிலா ஏன் வரவில்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

எம்.ஏ. தமிழ் முதலாண்டு படிக்கிறேன். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ எங்களுக்குப் பாடம். அங்கதம், முரண், குறியீடு, முன்னுணர்த்தல் என்று உத்திகளை வரிசையாக எழுதி, இவையெல்லாம் சேர்ந்து ‘வறுமையின் முன் கற்பு நிற்காது’ என்ற கருவை உணர்த்துகின்றன என்று குறிப்பேட்டில் முடித்திருக்கிறோம். எனக்கு ஒரு சந்தேகம். கடைசியில் கதைசொல்லியே ‘என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே!’ என்று போட்டு உடைத்துவிடுகிறார். கருவை வாய்விட்டுச் சொல்லிவிட்ட பிறகு உத்திகளுக்கு என்ன வேலை? அந்த வரி இல்லாவிட்டால் கதை இன்னும் நன்றாக இருக்கும் என்று வகுப்பில் சொன்னேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ச.

அன்புள்ள ச.,

நல்ல கேள்வி. ஆனால் கதையின் கரு அந்த வரியில்தான் இருக்கிறது என்று நீங்களும் உங்கள் வகுப்பும் சேர்ந்தே முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்கு அதில்தான் தகராறு.

1934 மே மாத ‘மணிக்கொடி’ இதழில் வந்த சின்னக் கதை. நிகழ்ச்சி என்று பார்த்தால் கடைசிப் பகுதியில் கொஞ்சம்தான். ஜட்கா என்ற குதிரை வண்டி ஓட்டும் முருகேசன் குடித்துவிட்டு ரேஸ் விட்டு, அடிபட்டுக் கிடக்கிறான். பால் கஞ்சி கேட்கிறான். மில் கூலியான மனைவி அம்மாளுவிடம் காசில்லை. தண்ணீர் எடுத்துத் திரும்பும்போது, வெகுநாளாக அவள்மேல் கண் வைத்திருந்த ஒருவனோடு இருட்டில் மறைகிறாள். முக்கால் ரூபாய் கிடைக்கிறது. இதற்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் பொன்னகரம் என்று பெயர் வாங்கிய அந்த ஏழைத் தெருவின் வர்ணனை. அதை நாம் சிரித்துக்கொண்டே வேகமாகத் தாண்டிவிடுகிறோம். சாக்கடைக்கு யமுனைப் பட்டம் கொடுப்பது, தலைப்பின் கேலி இதெல்லாம் யாருக்கும் புரியும். உங்கள் குறிப்பேட்டிலும் இருக்கும்.

நிலாவைப் பாருங்கள். தெருவில் மின்சார விளக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளும் கதைசொல்லி, ஞாபகமில்லை என்கிறார். நிலா இல்லாத இரவுகளில் எண்ணெய் விளக்கு ஏற்றினால் போதாதா என்கிறார். முனிசிபாலிட்டியின் சிக்கனத்தைக் குத்தும் நையாண்டி. அவ்வளவுதான் என்று மேலே போய்விடுகிறோம். பிற்பாடு அம்மாளு தண்ணீருக்கு வரும்போது கும்மிருட்டு. பஞ்சாங்கப்படி அன்று நிலா வர வேண்டும், மேகத்தில் மறைந்துகொண்டால் முனிசிபாலிட்டி என்ன செய்யும் என்கிறார். அதே நகைச்சுவைதான், ஆனால் இந்தத் தடவை அந்த இருட்டுக்குள் ஒரு ஆள் நிற்கிறான். எண்ணெய்ச் செலவை மிச்சம் பிடித்தவர்கள் உண்டாக்கிய இருட்டு அது. விதி கிதி ஒன்றும் இல்லை. கதையின் தொடக்கத்தில் பூர்வ புண்ணியத்தைச் சொல்லிச் சமாதானப்பட்டுக்கொள்ளச் சொல்கிறாரே, அந்தச் சமாதானத்தை இங்கே சத்தமில்லாமல் பிடுங்கிக்கொள்கிறார்.

முன்னுணர்த்தல் என்றால் ஏதோ கெடுதல் வரப்போகிறது என்று இடி இடித்துக் காட்டுவது என்றுதான் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கே நடப்பது வேறு. குற்றத்தின் காரணத்தையே முன்கூட்டி, வேடிக்கைப் பேச்சாக நம் கையில் கொடுத்துவிடுகிறார்.

அடுத்தது கணக்கு. குடும்பத்தில் ஐந்து பேர் என்கிறார்: அம்மாளு, முருகேசன், அவன் தாய், தம்பி, ஐந்தாவது குதிரை. அதுவும் சம்பாதிக்கிறது, அதற்கும் தீனி வேண்டும், எனவே அது ஆள் கணக்கு. இரண்டு பேர் வரும்படியில் சாப்பாடு, வாடகை, போலீஸ் மாமூல், தம்பியின் கஞ்சா எல்லாம் நடக்க வேண்டும். வண்டி ஒடிந்ததும் அதில் எது நின்றுபோயிற்று என்று அவர் கூட்டிச் சொல்வதில்லை. பட்டியலை முன்பே கொடுத்துவிட்டதால் நாமே கூட்டிக்கொள்கிறோம். பிறகு ஒரு தகவல்: அம்மாளுவுக்குக் கூலி போட இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. இரண்டே நாள்! குதிரை இரண்டு நாள் கழித்து இடறியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ‘வறுமை’ என்ற பெரிய சொல்லுக்கு இங்கே இடமில்லை. ஒரு கூலி நாளுக்கும் ஒரு கிண்ணம் கஞ்சிக்கும் நடுவிலுள்ள இடைவெளி. அதன் விலை அந்த முக்கால் ரூபாய், பன்னிரண்டணா.

இன்னொன்று. அம்மாளுவின் மனத்துக்குள் கதை நுழைவதே இல்லை. தயக்கம், அழுகை, ஒரு பெருமூச்சு? கிடையாது. இது கற்பைப் பற்றிய கதையாக இருந்தால் எந்த எழுத்தாளனும் கதவைத் திறந்திருக்கும் இடம் அது. இவர் சாத்திவிட்டுப் போகிறார். திறக்கத் தெரியாதவர் இல்லை. கற்பை உள்ளே போய்ப் பார்க்க நினைத்தபோது 1943இல் ‘சாப விமோசனம்’ எழுதினார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தி கேட்டு அகலிகை மறுபடி கல்லாகிறாளே, அந்தக் கதை. அங்கே முழுக்க மனத்தின் வேதனை, இங்கே முழுக்க வரவு செலவு.

அப்படியானால் கடைசி வரி எதற்கு? கதை ‘கேட்டிருக்கிறீர்களா?’ என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் பசியைப் பற்றிச் சொல்லும்போது, பசி வந்தால் பத்தும் பறந்துபோம் என்று ஒய்யாரமாகப் பாடுகிறீரே என்று அவர்மேல் பாய்கிறார் கதைசொல்லி. கற்பு வரியோடு சேர்ந்து கதையை முடிக்கும் ‘இதுதான், ஐயா, பொன்னகரம்!’ என்பதில் வரும் ‘ஐயா’ அந்த மனிதர்தான். விளக்கையும் கூலி நாளையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முடிந்ததும் ‘ஆனாலும் கற்பு என்று ஒன்று…’ என்று ஆரம்பிக்கப்போகிறவர். அவர் வாயைத் திறக்கும் முன் கொடுத்த பதில் அது. கதையின் சாரம் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் குறிப்பேடு அந்த ஐயாவின் கையெழுத்தில்தான் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், அந்த வரி சத்தம் போடுகிறது என்று நீங்கள் சொன்னதில் பாதி சரி. ‘இதுதான், ஐயா, பொன்னகரம்!’ என்பது மட்டும் எனக்குப் போதும். முன்பாதியில் கற்பு என்ற சொல்லைத் தூக்கிப் போட்டதால், தொண்ணூறு ஆண்டுகளாக எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டு பேசுகிறோம். எண்ணெய் விளக்கை ஏற்றாதவர்களை யாரும் கேட்பதில்லை.

அன்புடன்