மேல் மூலையில் ஈரம், ஓட்டை எங்கே?

கேள்வி: எங்களுடையது செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய பழைய வீடு, மேலே மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிக் காரை போட்ட தட்டைக் கூரை). ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குப் பக்கத்து ஜன்னலின் மேல் மூலையில் தண்ணீர் கசிந்து மரச்சட்டத்தில் இறங்குகிறது. காற்றோடு மழை அடித்தால்தான் இப்படி. சட்டத்தைச் சுற்றி உள்பக்கம் சிலிக்கான் வைத்து அடைத்தும் நிற்கவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: அம்மா, முதலில் அந்தச் சிலிக்கானை உரித்துவிடுங்கள். தண்ணீர் நுழைவது வெளியே. உள்ளே அடைத்தால் அது சுவருக்குள்ளேயே தங்கிச் சட்டத்தை உளுக்கவைக்கும். அந்தக் காலத்துத் தேக்கு இன்று காசு கொடுத்தாலும் கிடைப்பது அபூர்வம். எனக்கு அந்த மரத்தைப் பற்றித்தான் கவலை.

“காற்றோடு அடித்தால்தான்” என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல துப்பு. மொட்டைமாடி வழியாக இறங்கும் தண்ணீருக்குக் காற்று தேவையில்லை. மழை விட்ட பிறகும் வெகுநேரம் கசியும். உங்கள் வீட்டில் வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சுவரில் சாய்ந்து அடிக்கிறது. சட்டத்தின் ஓரமும் கசியலாம்தான். ஆனால் ஈரம் மேல் மூலையில் என்பதால் என் சந்தேகம் சன்ஷேட் சுவரோடு சேரும் இடத்தின் மேல். காரை வீடுகளில் சன்ஷேட் பல சமயம் பிற்பாடு சேர்த்த கான்கிரீட்டாக இருக்கும். வெயிலில் கான்கிரீட்டும் காரைச் சுவரும் ஒரே அளவு விரிவதில்லை, இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் விடும். மேல்புறத்து வாட்டமும் சுவரைப் பார்த்து இருந்தால், தண்ணீர் தேங்கி நேரே அதற்குள் இறங்கும்.

சந்தேகத்தை வைத்து மட்டும் கொத்தனாரைக் கூப்பிடாதீர்கள். நாலைந்து நாள் நல்ல வெயில் அடித்துச் சுவர் காய்ந்ததும் தோட்டத்து ஹோஸை எடுங்கள். ஜன்னல் பக்கம் ஸ்விட்ச் போர்டு இருந்தால் மெயினை அணைத்துவிடுங்கள். தண்ணீரைப் பீய்ச்சாமல் வழியவிடுங்கள், கீழிருந்து மேலாக: ஜன்னலின் அடித்திண்டு, பக்கச் சட்டங்கள், மேல்சட்டம், கடைசியில் சன்ஷேட் மேல்புறம். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்து, எது வழிவிட்டது என்றே தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் கால் மணி நேரமாவது பொறுங்கள். பழைய சுவர் தடிமனானது, தண்ணீர் உள்ளே வர நேரம் எடுக்கும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நின்று, ஈரம் தெரிந்த இடத்தையும் நேரத்தையும் பென்சிலால் சுவரிலேயே குறிக்கட்டும். சன்ஷேட் முறை வரும்போது ஓரத்தில் களிமண் வரம்பு கட்டித் தண்ணீரைத் தேக்கிப் பாருங்கள்.

விரிசல் அங்கேதான் என்று உறுதியானால், அதைக் கொத்திச் சுத்தம் செய்து சுண்ணாம்புக் கலவையால் நிரப்பச் சொல்லுங்கள். சிமெண்ட் வேண்டவே வேண்டாம். காரைச் சுவரில் அது இறுகிப் பிடித்து, ஓரத்தில் மறுபடி விரிசல் விடும், உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடாது. கடுக்காய் ஊறவைத்த தண்ணீரில் கலவை போடத் தெரிந்த ஆட்கள் உங்கள் பக்கத்தில் கிடைத்தால் விடாதீர்கள். சன்ஷேட் மேல்புறத்து வாட்டம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். முன்விளிம்பின் அடியில் விரல் அகலத்துக்கு ஒரு காடி வெட்டினால், தண்ணீர் சுவருக்குத் திரும்பாமல் அங்கேயே சொட்டிவிடும்.

இந்த வேலையைத் தை, மாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும். அதுவரை சன்ஷேட் சுவரோடு சேரும் அந்த இடத்தை மறைத்து ஒரு தார்ப்பாயைக் கட்டிவையுங்கள். அடுத்த காற்று மழையில் மூலை காய்ந்தே இருந்தால், நுழைகிற வழி அதுதான்.